போட்டு வாறன் என்று ஒரு கடிதம்

நெடுங்கேணியில் அந்த வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு நடந்துகொண்டிருந்தேன். பைக்குள் நான் கொண்டுபோன கடிதத்தின் பிரதி மட்டும் இருந்தது. அதன் மூலையில் 'கிடைத்தது' என்று எழுதி வீட்டுக்காரர் கையெழுத்து வைத்திருந்தார். வாங்கிவரச் சொல்லி அனுப்பிய கோப்பில் ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. ஒட்டுசுட்டான் பஸ், நான் உள்ளே இருந்து தேத்தண்ணி குடிக்கும்போதே போய்விட்டது. அடுத்தது பின்னேரம்தான் என்றார்கள். குந்தியிருந்து பஸ் பார்க்கிற பொறுமை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. காட்டோரத் தார் றோட்டால் நடக்கத் தொடங்கினேன்.

நடை எனக்குப் பழக்கம். ஒன்பதாம் வகுப்பில் பாதியோடு என் படிப்பு நின்றது. நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை. பள்ளிக்கூடம் இருந்த ஊரே ஒரு நாள் எழும்பி நடந்தது. நாங்களும் சேர்ந்து நடந்தோம். போன இடத்தில் படிப்பதற்குப் பதிலாக நான் ஒரு லொறியில் ஏறினேன். அதற்குப் பிறகு எத்தனையோ வேலை. கடற்கரை வாடியில் கருவாடு காயவைத்தேன். சீமெந்துக் கல்லு அரிந்தேன். கண்ணிவெடி எடுக்கும் வேலையில் முகத்துக்குக் கண்ணாடித் தட்டு மாட்டி, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து மண் கிளறினேன். அந்த வேலைக்குச் சம்பளம் நல்லது, வெயில்தான் பொல்லாதது. எந்த வேலையும் அலுத்தால் அடுத்த நாள் நான் அங்கே இருக்கமாட்டேன்.

நெடுங்கேணிக்குப் போன அந்த நாட்களில் கிளிநொச்சியில் ஒரு கணக்காளரின் கந்தோரில் ஓடித்திரிகிற வேலை பார்த்தேன். கணக்காளர் இளம் பெண். நாங்கள் 'மிஸ்' என்போம். அவர் என்னை 'அண்ணை' என்பார். பாங்குக்குப் போவது, வரிக் கந்தோருக்குப் போவது, வாடிக்கையாளரிடம் போய்ப் பேப்பர் வாங்கி வருவது என்று எல்லாம் வெளியில் திரிகிற வேலை. அதனால்தான் அங்கே அவ்வளவு காலம் நின்றேன்.

விசுவமடுவில் நெல்லுக்குத்தும் மில் நடத்துகிற ஓர் அக்கா, தன் கணக்கு வேலையைப் புதிதாக எங்கள் மிஸ்ஸிடம் கொடுத்திருந்தார். போன காலபோகத்தில் அறுவடை நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அவர் வாங்கிய நெல் சாக்குக்குள்ளேயே முளைத்தது. அவரிடம் நெல் கொடுத்துப் பழகிய கமக்காரர்கள் வெளியூர் லொறிக்காரரிடம் போனார்கள். இன்னொரு போகம் அப்படிப் போனால் மில்லை மூட வேண்டியதுதான். நெல் உலர்த்துகிற இயந்திரம் ஒன்றுக்குப் பாங்கில் கடன் கேட்டிருந்தார். முந்தின கணக்காளர் முடித்த கணக்குகளும் மில் இயந்திரங்களின் விபரமும் வேண்டும் என்று பாங்கில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கடன் திட்டம் அந்த வாரத்தோடு முடியவிருந்தது.

முந்தின கணக்காளர்தான் நெடுங்கேணிப் பெரியவர். வவுனியாவில் நெடுங்காலம் கந்தோர் வைத்திருந்தவர். அந்தக் கந்தோரை வீட்டு முன்னறைக்கே கொண்டுவந்துவிட்டார். புதுக் கணக்காளர் பழையவருக்கு எழுதி, இந்த ஆளின் வேலையை நான் ஏற்கத் தடை ஏதும் உண்டா என்று கேட்டு, வேண்டிய தகவலையும் கேட்பது அவர்களுடைய தொழில் முறை. மிஸ் அதை எனக்கு விளங்கப்படுத்தினார்.

"அண்ணை, ஒரு டொக்டர் முந்தின டொக்டரிட்ட, இவருக்கு என்ன மருந்து குடுத்தனீங்கள் எண்டு கேக்கிற மாதிரித்தான் இது."

மிஸ் பதிவுத் தபாலில் எழுதினார். பதில் இல்லை. போனில் எடுத்தால் "கடிதம் கிடைச்சது பிள்ளை" என்று சொல்லி வைத்துவிடுவார். கடைசியில் என்னை அனுப்பினார்.

பெரியவர் நல்ல மனிதர்தான். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். கடிதத்தை விரல் வைத்து வரி வரியாக வாசித்தார்.

"நல்ல கடிதம்," என்றார். "கேக்கவேண்டியதெல்லாம் ஒழுங்காக் கேட்டிருக்கிறா உங்கட மிஸ். நான் எண்டாலும் இப்பிடித்தான் கேட்டிருப்பன்."

"அப்ப தாங்கோவன் ஐயா."

"தர ஏலாது."

"ஏனெண்டாவது சொல்லுங்கோ. மிஸ் கேட்டா நான் பதில் சொல்லவேணுமே."

"மில்லுக்காரப் பிள்ளை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல. ஆற்றையோ கணக்கை ஆரோ கேட்டவை எண்டு தூக்கிக் குடுக்க, நானென்ன சந்தையில கத்தரிக்காயோ விக்கிறன்?"

"அவாவுக்கு அவசரம் ஐயா. பாங்கில இந்தக் கிழமையோட முடியுதாம்."

"அவசரமெண்டா ஆள் வரவேணும். ஆள் வராட்டி அவா கைப்பட ஒரு கடிதமாவது வரவேணும். வந்தா அடுத்த நிமிசம் தருவன். சட்டமும் அதுதான், மரியாதையும் அதுதான். விளங்குதோ?"

குசினிக்குள் இருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது: "அந்தப் பொடியனை முதல் தேத்தண்ணியைக் குடிக்க விடுங்கோவன். பிறகு சட்டம் கதைக்கலாம்."

நாற்பது தாண்டிய என்னைப் பொடியன் என்று சொன்னது நல்லாய்த்தான் இருந்தது. தேத்தண்ணியைக் குடித்தேன். 'கிடைத்தது' என்று எழுதி வாங்கினேன். வெளிக்கிட்டேன்.

நடக்க நடக்க எனக்கு ஒன்று விளங்கியது. இந்த விஷயத்தின் முடிச்சு நெடுங்கேணியில் இல்லை, விசுவமடுவில் இருக்கிறது. கிளிநொச்சிக்குத் திரும்பிப் போய் 'தரமாட்டாராம்' என்று சொல்வது எந்த ஆளும் செய்யக்கூடிய வேலை. அதற்கு நான் தேவையில்லை. மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "மிஸ், நான் இண்டைக்குக் கந்தோருக்கு வரேல்ல. விசுவமடுவுக்குப் போறன்," என்றேன். "போங்கோ அண்ணை. ஆனா நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள எனக்கு ஏதாவது வரவேணும்," என்றார்.

வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று ஒட்டுசுட்டான் வரை ஏற்றிக்கொண்டுபோனது. அங்கிருந்து புதுக்குடியிருப்புக்கு ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். இருள் விழுகிற மைமல் பொழுதில் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தேன். தலையெல்லாம் தவிட்டுத் தூசியாக அக்கா எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைக் கண்டதும் எஞ்சினை நிறுத்தினார்.

"தந்தவரோ தம்பி?"

"இல்லை அக்கா. நீங்கள் சொன்னாத்தான் தருவாராம். மிஸ் உங்களிட்ட ஒரு கடிதம் தந்தவாவெல்லோ, கையெழுத்து வைச்சு ஐயாவுக்கு அனுப்பச் சொல்லி?"

"தந்தவா."

"அது எங்க?"

"அலுமாரிக்குள்ள."

"அலுமாரிக்குள்ள இருந்து அது நெடுங்கேணிக்கு எப்பிடி அக்கா போகும்?"

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் அந்தக் கடிதத்தை எடுத்துவந்து என் கையில் தந்தார். கையெழுத்து வைக்கிற இடம் வெறுமையாக இருந்தது. மேலே அழகாக அச்சடித்திருந்தது: 'தங்கள் சேவையை இத்துடன் முடிவுறுத்துகிறேன் என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன்.' எல்லாக் கந்தோர்களிலும் அப்படித்தான் எழுதுவார்கள். வேலையால் நிற்பாட்டும்போது எனக்கும் அப்படி ஒன்று ஒருமுறை தந்தார்கள். நான் அதில் கடலை சுற்றிக்கொண்டு போனேன்.

"இதை எப்பிடித் தம்பி அந்த மனுசனுக்கு நான் எழுதுறது?" என்றார் அக்கா. "முடிவுறுத்துறன் எண்டு? அந்தாள் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்குது."

பிறகு அவராகவே சொன்னார். சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது மில் இருந்த இடத்தில் சீமெந்து நிலம் மட்டும்தான் மிச்சம். தகரக் கொட்டில் போட்டு, ஒரு எஞ்சினோடு தொடங்கினார். அப்போது வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து, கதிரை இல்லாமல் நெல்லுச் சாக்கில் இருந்து, அவருடைய முதல் கணக்கை எழுதியவர் பெரியவர். இப்போது எல்லாம் கொம்பியூட்டர், பெரியவருக்கு அது சரிவராது, தூரமும் கூட. அதனால்தான் அக்கா கணக்கைக் கிளிநொச்சிக்கு மாற்றினார். பெரியவரில் ஒரு குறையும் இல்லை.

"போய்ச் சொல்ல முகமில்லைத் தம்பி. சொல்லாமல் விட்டா அவருக்கு நோகாது எண்டு நினைச்சன்."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது 'போறன்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். அடுத்த ஒழுங்கைக்குப் போனாலும், கடல் தாண்டிப் போனாலும், 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்வது. ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் சொல்லாமல் எழும்பி வருவோம். அது செத்தவீடு. அங்கே 'போட்டு வாறன்' என்று சொல்லக்கூடாது.

"அக்கா," என்றேன், "நீங்கள் ஐயாவின்ர வீட்டில இருந்து செத்தவீட்டில இருந்து எழும்பி வாற மாதிரியெல்லோ வந்திருக்கிறீங்கள்."

"ஐயோ," என்றார். "அப்பிடியோ நினைச்சிருப்பார்?"

"நான் எண்டா நினைப்பன்."

மில் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, எஞ்சின் பெட்டியின் மேல் வைத்து நான் எழுதினேன். என் எழுத்து கோணல். ஆனால் வாசிக்கலாம். 'ஐயா, இனி என் கணக்குகளைக் கிளிநொச்சியில் உள்ள பிள்ளை பார்ப்பார். முதல் கணக்கு எழுதியது நீங்கள் என்பதை நான் மறக்கவில்லை. போட்டு வாறன்.' அக்கா அதை வாயசைத்து வாசித்தார். கீழே கையெழுத்து வைத்தார். நான் அதை மடித்துப் பைக்குள் வைக்கப் போக, கையைப் பிடித்தார்.

"போட்டு வாறன் எண்டு ஆரும் ஆள் விட்டுச் சொல்லுறவையோ? நானும் வாறன். காலமை லொறியை நீர் ஓட்டும்."

அன்றிரவு மில்லில் சாக்குகளுக்கு மேல் படுத்தேன். நல்ல நித்திரை.

காலையில் சின்ன லொறியில் வெளிக்கிட்டோம். அக்கா மடியில் மொட்டைக்கறுப்பன் அரிசி ஒரு பை வைத்திருந்தார். புதுக்குடியிருப்பு தாண்டும்வரை கதைத்துக்கொண்டு வந்தவர், ஒட்டுசுட்டான் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார். நெடுங்கேணியில் படலைக்கு முன்னால் லொறியை நிறுத்தினால் இறங்குகிறார் இல்லை.

"நீர் முதல் போய்க் கதைச்சுப் பாரும் தம்பி."

"நேற்று நான் கதைச்சிட்டன் அக்கா. இண்டைக்கு உங்கட முறை."

பெரியவர் லொறிச் சத்தம் கேட்டு வெளியே வந்துவிட்டார். படலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன பிள்ளை, நான் செத்துப்போனன் எண்டு ஆரும் வந்து சொன்னவையோ?"

முதல் நாள் நான் மில்லில் சொன்னதை இவர் எங்கே நின்று கேட்டார்? அக்கா அரிசிப் பையோடு இறங்கினார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"சும்மா இருங்கோ ஐயா. செத்த ஆளுக்கு ஆரும் அரிசி கொண்டு வாறவையோ?"

"கொண்டு வாறவை. வாய்க்கரிசி."

குசினி வாசலில் நின்ற மனைவி, "வந்த பிள்ளையை வாசலில வைச்சுக்கொண்டு உதென்ன கதை? உள்ளுக்கு வா பிள்ளை," என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

முன்னறையில் பெரியவர் அந்தப் பில் தாளை விரல் வைத்து வாசித்தார். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் விரல் நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆர் எழுதினது?"

"நான்தான் ஐயா," என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா காணாது. என்ன தரலாம், ஆருக்குத் தரலாம் எண்டு இதில இல்லை. கீழ இன்னொரு வரி எழுதும்." அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'எனது கணக்குகள் தொடர்பான எல்லா ஆவணங்களையும் தகவல்களையும் அவருக்கு வழங்கச் சம்மதிக்கிறேன்.' அக்கா அதற்குக் கீழேயும் கையெழுத்து வைத்தார். "இப்ப இது கடிதம்," என்றார் பெரியவர். மிஸ்ஸின் அச்சடித்த கடிதத்தை அக்கா காட்டியபோது, அதிலும் பிழை இல்லை, தன்னுடைய கந்தோரிலும் அப்படித்தான் அடிப்பது என்றார்.

அலுமாரியைத் திறந்து கோப்பை எடுத்தார். மிஸ் கேட்ட ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இனிச் சொல்லுறது பேப்பரில இல்லை. உம்மட மிஸ்ஸிட்ட அப்பிடியே சொல்லவேணும். மறப்பீரோ?"

"லொறியில போனனான் ஐயா. எந்தச் சாமான் எங்க இறக்கிறதெண்டு எழுதி வைச்சு ஓடேல்ல."

"அப்ப கேளும். இப்ப மில்லில ஓடுற எஞ்சின் வாங்கினதில்லை, உதவியாக் கிடைச்சது. விலைக்கு வாங்கினதெண்டு ஆரும் நினைச்சா இயந்திரக் கணக்குப் பிழைக்கும். மற்றது, மில் நிக்கிற காணி அரசாங்கம் குடுத்த அனுமதிப்பத்திரக் காணி, இவாவின்ர தாயின்ர பேரில இருக்கு. பாங்கில கேக்கமுந்தி மிஸ் அதைக் கேட்டு வைக்கவேணும்."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நான் எழுதத் தொடங்கமுந்திக் கொஞ்சக் காலத்துக்குக் கணக்கு இல்லை. வாற ஆக்கள் அதைத் தொலைஞ்சு போச்சு எண்டு எழுதுவினம். தொலையேல்ல. மில் ஓடேல்ல. அவா முகாமில இருந்தவா. அப்பிடியே எழுதச் சொல்லும்."

"சொல்லுறன் ஐயா."

வெளிக்கிடும்போது அக்கா படலையில் திரும்பி நின்றார். "போட்டு வாறன் ஐயா," என்றார். "ஓம், போட்டு வா பிள்ளை. உலர்த்தி வந்தாச் சொல்லு, பாக்க வாறன்," என்றார் பெரியவர். நான் லொறியை ஸ்ரார்ட் செய்யும்போது என் பக்கக் கதவில் கை வைத்தார். "தம்பி, நாளைக்குக் காலமை உமக்கு இந்தப் பக்கம் வர ஏலுமோ? ஒரு வேலை இருக்கு." என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. வேலை என்றால் வருவேன் என்றேன்.

கிளிநொச்சிக்குப் போகும்போது நான் லொறியைப் பறக்கவிட்டேன் என்று அக்கா பிறகு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அவ்வளவு இல்லை. கந்தோரில் மிஸ் கோப்பை விரித்து, பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்கோ அண்ணை," என்றார். நான் கதிரையில் நிமிர்ந்து இருந்து சொன்னேன். எஞ்சின், காணி, முகாம். நான் சொல்ல ஒரு கணக்காளர் எழுதியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். 'முகாமில் இருந்தமையால்' என்று மிஸ் எழுதியபோது, "ஓம், அப்பிடித்தான்," என்றேன், ஏதோ நான் பார்த்துச் சரி பிடிக்கிற ஆள் மாதிரி. மிஸ் சிரிக்காமல் தலையாட்டினார்.

பாங்கு மூட முன் நானும் அக்காவும் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எல்லாம் இருக்கிறது என்று சொல்லி முத்திரை குத்தினார். அடுத்த அறுவடைக்கு அந்த உலர்த்தி விசுவமடுவில் ஓடியது. அதன் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். செய்து முடித்த வேலையைப் போய் நின்று பார்த்தது அந்த ஒன்றைத்தான்.

விண்ணப்பம் கொடுத்த அன்று பின்னேரமே மிஸ்ஸிடம் போய், நாளைக்கு நெடுங்கேணியில் ஒரு வேலை கிடைக்கும்போல் இருக்கிறது என்றேன். வழமையில் நான் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை.

"அப்ப போறீங்களோ அண்ணை?"

"போட்டு வாறன் மிஸ்."

"உண்மையா வருவீங்களோ, இல்லாட்டி வாய்க்குச் சொல்லுறீங்களோ?"

"வந்தாத் தெரியும்தானே."

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் போனேன். பெரியவர் முன்னறையில் அலுமாரியை முழுதாகத் திறந்து வைத்திருந்தார். கந்தோரை அடியோடு மூடப்போகிறாராம். மன்னாகண்டலிலிருந்து பூநகரிப் பக்கம் வரை அவருக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். பாதிப்பேர் ஏற்கெனவே வேறு ஆளிடம் மாறிவிட்டு, சொல்ல முகமில்லாமல் ஒளித்துத் திரிந்தார்கள். மிச்சப்பேருக்கு அவர் மூடப்போவது தெரியாது. ஒவ்வொருவரிடமும் போய், கையெழுத்து வாங்கி, அவரவர் கோப்பை அவரவர் சொல்கிற கணக்காளரிடம் சேர்க்க ஓர் ஆள் வேண்டும். மோட்டார் சைக்கிள் அவருடையது, பெற்றோலும் அவருடையது. ஊர் ஊராகத் திரிகிற வேலை. நான் யோசிக்கவில்லை. ஓம் என்றேன்.

முதல் கோப்பு ஜெயபுரத்தில் பால் சேர்த்து விற்கிற ஒருவருடையது. பழைய சைக்கிள் ரியூப்பில் கீலம் வெட்டி, கோப்பைப் பொலித்தீன் உறைக்குள் போட்டுப் பின் கரியலில் இறுக்கிக் கட்டினேன். பெரியவர் கட்டை இழுத்துப் பார்த்தார்.

"அங்க போய் என்ன சொல்லுவீர்?"

"ஐயா கந்தோரை மூடுறார், உங்கட கணக்கை இனி ஆரிட்டக் குடுக்கிறதெண்டு எழுதித் தாங்கோ எண்டு சொல்லுவன்."

"அது பிறகு. முதல் என்ன சொல்லுவீர்?"

"ஐயா போட்டு வாறாராம் எண்டு சொல்லுவன்."

"ஓம்," என்றார். "அதை முதல் சொல்லும்."

நானும் படலையில் நின்று அதையே அவருக்குச் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை ஜெயபுரத்துக்குத் திருப்பினேன்.